மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாம் நம்பர் லிப்டுக்கு ஏதோ வியாதி இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் வரும்போது அதற்கு மூச்சு முட்டிக்கொள்ளும். அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் ஒன்றும் செய்யாமலேயே, தானாகத் தெளிந்து மேலே போகும். நர்சுகள் இதற்கு ‘மதிய மயக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வண்டிகள் வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நோயாளிகளைப் பார்க்க வரும் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், கட்டடமே ஓய்ந்து கிடக்கும் அந்த நேரத்தில்தான் அது வரும். எலும்பு டாக்டர் ஒருவர் தன் மாணவர்களிடம், “இதுக்கும் மூட்டுத் தேய்மானம்தான்” என்று சொல்லிவிட்டு, அவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துக்கொண்டார்.

வியாதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. லிப்டை நிறுத்துவது லிப்ட் அக்காதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவள் மேல் பாய்ந்துவிடுவீர்கள். நோயாளிகளைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போவதற்குக் கட்டடத்தின் மறுபக்கத்தில் பெரிய லிப்ட், புதுசு, தனியாக இருக்கிறது. இவளுடையது பழசு. இரும்பு மடக்குக் கதவு, மூலையில் ஒரு ஸ்டூல், மேலே கரகரவென்று சுற்றும் குட்டி ஃபேன். ஆபீஸ் ஆட்கள், சொந்தபந்தங்கள், டீ ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள், இவர்களுக்கானது. அது கொஞ்ச நேரம் நின்றால் யார் உயிரும் போகாது. நாலு பேர் படியேறுவார்கள். ஏறட்டுமே!

அவளை எல்லோரும் லிப்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல்லெல்லாம் போன கிழவர்கூட, “அக்கா, கொஞ்சம் நில்லு” என்று கூவிக்கொண்டு ஓடி வருவார். ஆனால் உள்ளே ஏறிவிட்டால் அவளோடு யாருக்கும் பேச்சுக் கிடையாது. அவள் தலைக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ரத்தப் பரிசோதனை, மாமியார், யார் வந்து பார்த்தார்கள், யார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று ஊர்க்கதை எல்லாம் ஓடும். அவளிடம் சொல்வது ஒரே ஒரு வார்த்தை. “நாலு.” “ரெண்டு.” “அஞ்சு.” நாள் முழுக்க அவள் காதில் அவளுக்கென்று விழுவது இந்த எண்கள்தான். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது ஒரு பொம்பளை என்பதே சிலருக்கு ஞாபகம் இருக்காது. அவளும் சுவிட்சுகளோடு சேர்ந்த ஒரு சுவிட்ச் என்று நினைப்பு.

சரி, வீட்டுக்குப் போனாலாவது மனுஷக் குரல் கேட்குமா என்றால், அதைச் சொன்னால் வயிறு எரியும்.

அவள் புருஷன் மொத்தக் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். வெங்காய மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் வரிசையாக அடுக்கியிருக்க, ஒரு பெட்டி மேல் ஏறி நின்று விலை கூவுகிற வேலை. மைக் கிடையாது, வாய்தான் எல்லாம். அந்த வாயை அவர் வீட்டுக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வருவாரா? வீட்டிலும் அதே சத்தம்தான். சாப்பாட்டு மேஜையில் கடைசி ரொட்டித் துண்டு மிச்சம் இருந்தால் போதும், கையை உயர்த்திவிடுவார். “இருக்கிறது ஒண்ணே ஒண்ணு! வேணும்கிறவங்க கேக்கலாம்! ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!” மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து ரொட்டியை வாயில் போட்டுக்கொள்வார். அவர்களுடைய மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, “அப்பா ஏமாத்துறாரு” என்று தரையில் புரண்டு அழுவாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், காது கிழியுது” என்று இவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிச் சொன்ன வாயைக் கழுவ வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது அவளுக்கு.

மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு என்னமோ கட்டப் போகிறார்களாம். வியாபாரிகள் ஆளுக்கொரு திசையில் கடை போட்டார்கள். விலையைப் போனில் பார்த்துப் போனிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். பெட்டி மேல் ஏறிக் கூவ ஆள் எதற்கு? அவர் நாலு இடத்தில் வேலை கேட்டுப் போனார். போன இடத்திலெல்லாம், “கத்துறதைத் தவிர வேற என்ன தெரியும்?” என்று கேட்டார்கள். ஒருத்தன் சிரித்துக்கொண்டே கேட்டானாம். அதை மட்டும் அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு பேச்சுக் குறைந்தது. முதலில் கோபமாக்கும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று இவள் விட்டுவிட்டாள். பிறகு எதைக் கேட்டாலும் “ம்” மட்டும் வந்தது. அப்புறம் அந்த “ம்”மும் போய், தலையாட்டலோடு நின்றது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவள் பயந்துபோய்த் தன்னுடைய ஆஸ்பத்திரிக்கே, தன்னுடைய லிப்டிலேயே கூட்டிக்கொண்டு போனாள். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “தொண்டை கல்லு மாதிரி இருக்கும்மா. பேசணும்னு அவருக்குத் தோணணும், அவ்வளவுதான்” என்றார். மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதையும் அவர் ஒரு வார்த்தை பேசாமல் விழுங்கினார்.

இவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கெஞ்சினாள். சண்டை போட்டாள். “நான் என்ன சுவரோடயா குடும்பம் நடத்துறேன்?” என்று தட்டை எறிந்தாள். கடைசியில் ஒரு நாள், மனுஷன் திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று, சூப்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள். வாயில் வைக்க முடியாது. அவர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குத்தான் அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் இருந்தாள். போன் பண்ணுவாள். “அப்பா எப்படிம்மா இருக்காரு?” “இருக்காரு.” “நீ?” “இருக்கேன்.” அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அலறும். “அப்புறம் பேசறேம்மா.” அந்த அப்புறம் வருவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

லிப்ட் முதல் தடவை நின்றது தற்செயல்தான். காலியான லிப்டில் இவள் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தாள். தோள் பையின் வார் மடக்குக் கதவில் மாட்டி இழுத்ததில் கதவு இரண்டு விரற்கடை விலகிவிட்டது. பழைய லிப்டில் கதவு விலகினால் அதை இழுக்கும் மோட்டாருக்கு மின்சாரம் துண்டாகிவிடும். கதவை ஒழுங்காக மூடிப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி நகரும். டக்கென்று நின்றது. எதிரே ஒரு மாடியின் தரைக்கும் இன்னொரு மாடியின் கூரைக்கும் நடுவில் இருக்கும் வெறும் சுவர். காரை பூசாத செங்கல். மேலே ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எண் சொல்ல ஆளில்லை, மணி அடிக்கவில்லை, மருந்து வாடைகூட அங்கே கொஞ்சம் குறைச்சல்.

“அட, இதென்னடா கூத்து!” என்றாள் உரக்க.

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். வெறும் எண்களுக்குத் தலையாட்டியே பழகிவிட்டதில், தனக்கு இவ்வளவு கணீரென்று ஒரு குரல் இருப்பதே மறந்துபோயிருந்தது. அடுத்தது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. தாடையை இறுக்கி, தொண்டையைக் கரகரவென்று ஆக்கி, அவர் குரலில் பதில் சொன்னாள். “அடியே, பையை ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் லிப்டை ஓட்டி, அது மேல போயி...”

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை மூடி மேலே போனாள். நான்காவது மாடியில் காத்திருந்த நர்ஸ், “என்னக்கா, நின்னுடுச்சா?” என்று கேட்டாள். “ஆமா, என்னமோ தெரியல, நின்னுடுச்சு” என்றாள் அக்கா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது என்ன சரளமாக வந்தது என்கிறீர்கள்!

அதிலிருந்து மதிய மயக்கம் வழக்கமாகிவிட்டது. உள்ளே யாரும் இல்லாதபோது மட்டும்தான். கதவை லேசாக விலக்குவாள். ஸ்டூலைச் செங்கல் சுவருக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொள்வாள். அன்றைய சமாசாரத்தை ஒவ்வொன்றாகப் புருஷனிடம் சொல்வாள். நடுநடுவே அவர் குரலில் குறுக்கே பேசிக்கொள்வாள். மேலே போகும்போது நெஞ்சில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மிச்ச நாளைத் தள்ளிவிடலாம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால்தான் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஆனால் மயக்கம் அடிக்கடி வந்தால் வைத்தியர் வராமல் இருப்பாரா? யாரோ புகார் செய்துவிட்டார்கள். கட்டடப் பராமரிப்பு அதிகாரிக்கு ‘ஆகட்டும் சார்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் “ஆகட்டும்” என்பார், எதுவும் ஆகாது. அதிசயமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மெக்கானிக் மேலும் கீழுமாகப் பல தடவை போய்ப் பார்த்தார். மெஷின் ரூமில் ஏறினார், அடியில் குனிந்தார், கதவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.  கண்டுபிடித்தால் அக்காவுக்கு வேலை போய்விடும். வேலை போனால் போகிறது, அந்தச் செங்கல் சுவரும் போய்விடுமே என்றுதான் அவளுக்குப் பதறியது.

“எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு சார். வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார் மெக்கானிக். “எதுக்கும் உள்ள ஒரு பேசுற பெட்டி வைச்சிடறேன். மாட்டிக்கிட்டா டெலிபோன் ரூமுக்குக் கேக்கும்.”

“ஆகட்டும்” என்றார் ஆகட்டும் சார்.

சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி வந்தது. சல்லடை மாதிரி துளைகள், கீழே ஒரு சிவப்புப் பட்டன். “நின்னுபோனா பயப்படாதீங்கக்கா. இதை அமுக்கிட்டுப் பேசுங்க” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். அக்கா சில நாள் பூனை மாதிரி இருந்தாள். அப்புறம் பழையபடி ஆரம்பித்தாள். பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. பிறகென்ன பயம்?

ஒரு நாள் கொள்ளைச் சிரிப்பாக ஒரு சமாசாரம் கிடைத்தது. ஒரு மகன் தன் அப்பாவுக்கு வீட்டிலிருந்து பல் செட்டை டப்பாவில் போட்டு எடுத்து வந்திருக்கிறான். அப்பாவை வேறு வார்டுக்கு மாற்றியது அவனுக்குத் தெரியாது. பழைய கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர் கையில் டப்பாவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அந்த மனுஷர் ஏன் என்ன என்று கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டார். மகன் திரும்பி வந்து தலையில் கைவைத்தபோது, “என்னோடதைவிட இது நல்லாப் பொருந்துதுப்பா, என்னோடதை உங்கப்பாவ வைச்சுக்கச் சொல்லு” என்றாராம். நர்ஸ் லிப்டில் இன்னொரு நர்ஸிடம் சொல்லச் சொல்ல, அக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எப்போது மதியம் ஆகும் என்று இருந்தது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிறுத்தினாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்புறம் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு கையை உயர்த்தினாள். “பல்லு ஒரு செட்டு! சொந்தக்காரர் ஒருத்தர், பொருந்துறது இன்னொருத்தருக்கு! கேக்கறவங்க கேக்கலாம்! ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!”

“போதும்ங்க, வயிறு வலிக்குது” என்றாள் தன் குரலில்.

மறுநாள் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயடியில் பாட்டில் பிடித்துக்கொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். டெலிபோன்காரி. அவளுடைய முகம் ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது, குரல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். மாடிப்படிக்கு அடியில் ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, “வணக்கம், யாரோட பேசணும்?” என்று காலையிலிருந்து மாலை வரை கேட்கிறவள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவளோடு பேசுவதற்கென்று யாரும் போன் பண்ணுவதில்லை.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் சரியான வாயாடி போலிருக்கே!” என்றாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி. “பல்லு ஏலம்! எனக்கு ராத்திரி வரைக்கும் சிரிப்பு அடங்கல.”

அக்காவின் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்தது.

“கோவிச்சுக்காதீங்கக்கா. அந்தப் பெட்டி இருக்கில்ல, லிப்டு நடுவுல நின்னா அது தானாத் திறந்துக்கும், எனக்குக் கேக்கும். உள்ள யாராவது மயங்கிக் கிடந்தா பட்டனை யாரு அமுக்குவா? அதுக்காக மெக்கானிக் அப்படி வைச்சுட்டுப் போயிருக்காரு. ஆகட்டும் சார் உங்ககிட்ட சொல்லலையா?”

“இல்ல.”

“அவரு எங்க சொல்லப் போறாரு! முதல் நாள் லைட்டு எரிஞ்சதும் பதறிப்போயி எடுத்தேன். பார்த்தா நீங்க அண்ணனோட போன்ல பேசிட்டிருக்கீங்க. ஒட்டுக் கேக்கறது தப்புன்னு வைக்கத்தான் போனேன். அதுக்குள்ள அவரு என்னமோ சொல்லி... சிரிச்சுட்டேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “யாருகிட்டயும் மூச்சு விடலக்கா. சொன்னா நிறுத்திடுவாங்க. எங்க வீட்ல டிவி மட்டும்தான் பேசும். நாள் பூரா எனக்கு இது ஒண்ணுதான்கா நல்ல நேரம். நீங்க கொடுத்து வைச்சவங்க. இவ்வளவு வருஷம் கழிச்சும் தினமும் போன்ல இப்படிப் பேசுற புருஷன் யாருக்குக் கிடைப்பாரு?”

அக்கா அவளையே பார்த்தாள். அந்த லிப்டுக்குள் போனில் டவரே கிடைக்காது. பொழுதெல்லாம் போனோடு மாரடிக்கிற இவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் அவளுக்கு அது தோன்றவே இல்லை. தோன்ற வேண்டாம் என்று இருந்திருக்கும்.

“ஆமா” என்றாள் அக்கா. 

அன்று மதியம் மூன்றைத் தாண்டும்போது கை கதவுக்குப் போனது. பெட்டியின் துளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அந்தக் கரகர குரல் தன்னுடையது என்று ஒருத்திக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். லிப்ட் நிற்கவே இல்லை. ஆகட்டும் சாருக்கு ஒரே பெருமை. “பாத்தியா, பெட்டி வைச்சதும் பயந்து சரியாயிடுச்சு” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

லிப்டுக்கு மயக்கம் தெளிந்தது. அவளுக்குத்தான் மூச்சு முட்ட ஆரம்பித்தது. நாலு, ரெண்டு, அஞ்சு. வீடு. சுவரைப் பார்க்கும் மனுஷன். மறுபடி நாலு, ரெண்டு. சொல்ல வேண்டிய சமாசாரங்கள் சேர்ந்துகொண்டே போயின. அடி அக்கா, ஊமையாக இருக்க வீட்டில் ஒருத்தர் போதாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

குழாயடியில் டெலிபோன்காரி மறுபடி பிடித்துக்கொண்டாள். “என்னக்கா, அண்ணனோட சண்டையா? ரொம்ப நாளாப் பேச்சையே காணோம்?”

“சண்டையெல்லாம் இல்ல.”

“அப்ப பேசுங்கக்கா! நான் வேணும்னா எடுக்க மாட்டேன், சத்தியமா. காதைப் பொத்திக்கறேன். எனக்காக நிறுத்தாதீங்க. பாவம் அவரு, நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு காத்துக்கிட்டிருப்பாருல்ல?”

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து எண்களுக்குப் பட்டன் அமுக்கிக்கொண்டே இருந்தாள். காத்துக்கிட்டிருப்பாருல்ல. அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. தான் அவரிடம் கடைசியாகச் சிரிப்பாக ஒன்று சொன்னது எப்போது? ஞாபகம் வரவில்லை. சமாசாரம் எல்லாம் செங்கல் சுவருக்குப் போனது. வீட்டில் அவள் சொன்னதெல்லாம் “சாப்பாடு”, “மாத்திரை”, “விளக்கை அணைக்கட்டுமா” இவ்வளவுதான். லிப்டில் ஏறுகிறவர்கள் தன்னிடம் பேசுகிற மாதிரிதான் தானும் அவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. “அக்கா, ரெண்டுன்னேன், நாலுக்குப் போறீங்களே!” என்று யாரோ கத்தினார்கள்.

அன்று சாயங்காலம் சூப்பு வைத்தாள். உப்பு அளவாகத்தான் போட்டாள். ரொட்டியை நறுக்கி நடுவில் வைத்தாள். அவர் நாற்காலியைத் திருப்பி மேஜைக்கு வந்தார். சுவரைப் பார்க்கும் அதே கண்ணால் கிண்ணத்தைப் பார்த்தார்.

“என்னங்க, எங்க ஆஸ்பத்திரியில ஒரு கூத்து நடந்துச்சு” என்று ஆரம்பித்தாள்.

 செங்கல் சுவரிடம் எவ்வளவு சுலபமாக இருந்தது! டப்பாவில் வந்த பல்லைச் சொன்னாள். கட்டில் மாறியதைச் சொன்னாள். “என்னோடதை உங்கப்பாவ வைச்சுக்கச் சொல்லு” என்கிற இடத்தில் தானே சிரித்தாள். அவர் ரொட்டியைச் சூப்பில் தோய்த்து மென்றார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி என்ன வெட்கம்? கையை உயர்த்தித் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டாள். “பல்லு ஒரு செட்டு! கேக்கறவங்க கேக்கலாம்! ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!”

பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள். மேஜையில் ஸ்பூன் சத்தம் மட்டும். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல இறக்கினாள். அவமானமாக இருந்தது. யாருமில்லாத இடத்தில் பேசுவது தனிமை என்றுதான் அவள் இதுநாள் வரை நினைத்திருந்தாள். இது அதைவிட மோசமாக இருந்தது. கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து விட்டாள். கண்ணீர் வருவது அவருக்குத் தெரிய வேண்டாம்.

“தப்பு.”

குழாய்ச் சத்தத்தில் ஏதோ பிரமை என்று நினைத்தாள். துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்த மாதிரி ஒரு ஓசை. குழாயை மூடினாள். திரும்பவில்லை. திரும்பினால் போய்விடும் என்று பயம்.

“என்னங்க?”

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம், “ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிறுத்தணும்.”

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.  “நீங்க ரொட்டிக்கு ஒரே மூச்சுலதான சொல்வீங்க?”

“அது ரொட்டி.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் திங்கணுமே. மார்க்கெட்டுல நிறுத்துவேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் பெட்டி மேல் நின்று ஏலம் விட்டதை அவள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. அது விடியற்காலை வேலை. அவளுக்கு அந்நேரம் அடுப்பும் குழந்தையும் லிப்டும் இருந்தன. லிப்டுக்குள் அவள் பேசியதெல்லாம் வீட்டில் ரொட்டிக்குக் கூவியவரின் குரல்தான், மார்க்கெட்டில் கூவியவருடையது இல்லை.

“எவ்வளவு நேரம் நிறுத்தணும்?” என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமினார். “எதிர்ல நிக்கிறவன் வாயைத் திறக்கிற வரைக்கும்.”

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமலே வந்து எதிரே உட்கார்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர். மறைக்கத் தோன்றவில்லை. தட்டில் கடைசியாக ஒரு ரொட்டித் துண்டு இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் உயர்த்திப் பிடித்தாள். இந்தத் தடவை தொண்டையை மாற்றவில்லை, தன்னுடைய குரலிலேயே சொன்னாள்.

“ஒரு தரம்.”

அவர் ரொட்டியைப் பார்த்தார்.

“ரெண்டு தரம்.”

நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூணு தரம் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லாமல், அவருக்காகவும் பேசாமல், அவள் காத்துக்கொண்டிருந்தாள்.